கப்பல் ஏறும் முன், இறங்கிய பின்: அந்தமான் நிக்கோபார் பழங்குடி மக்களிடையே குடிநோய்ச் சிகிச்சையை ஒருங்கிணைத்தல்

போர்ட் பிளேரை அடுத்த கராச்சர்மாவில் உட்கார்ந்திருப்பவருக்கு எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். ஊரிலேயே அரசு மருத்துவமனை உண்டு. பேருந்து ஏறினால் ஜி.பி. பந்த் மருத்துவமனை. பக்கத்து டாலிகஞ்சில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல மையம் இருக்கிறது. நிக்கோபாரிலிருந்து படிக்கவும் வேலை தேடியும் வந்த குடும்பங்களும் போர்ட் பிளேர் வட்டாரத்தில் வாழ்கின்றன. (2024 செப்டம்பர் முதல் நகரத்தின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். பழைய பெயரும் புழக்கத்தில் இருப்பதால் இந்நூலில் அதையே எழுதுகிறோம்.)

இந்த வசதிதான் புதிதாக வரும் ஒருங்கிணைப்பாளரைத் தடம் மாற்றுகிறது. படுக்கை, மருத்துவர், மாத்திரை என்று கையில் இருப்பதிலிருந்து திட்டத்தைத் தொடங்குகிறார். நோயாளி நடுக்கம் நின்று, சாப்பிட ஆரம்பித்து, முகம் தெளிந்து கப்பல் ஏறியதும் கோப்பை மூடுகிறார். கார் நிக்கோபார் இங்கிருந்து சுமார் 270 கி.மீ. தெற்கே, காம்ப்பெல் பே சுமார் 540 கி.மீ. வார்டில் இருக்கும் இரண்டு மூன்று வாரத்தில் குடிக்காமலிருப்பது பெரும்பாலானோருக்கு முடிகிற காரியம். ஊருக்குத் திரும்பிய முதல் மூன்று மாதம்தான் கடினம். அந்த மூன்று மாதத்துக்கு யார் பொறுப்பு என்பது முடிவாகாமல் ஒருவரைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவரக் கூடாது. இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு விதியின் விரிவுதான். சேர்க்கைக்கு முன்பே வீடு திரும்பும் ஏற்பாட்டைச் செய்து முடியுங்கள். சேர்க்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

யாருடைய பொறுப்பு எங்கே முடிகிறது

'அந்தமான் பழங்குடிகள்' என்று மொத்தமாகப் பேசும் திட்டம் எதுவும் உருப்படாது. சென்டினல் தீவு மக்களிடமும் ஜாரவாக்களிடமும் நமக்குச் சிகிச்சை வேலை எதுவும் இல்லை. 1956ஆம் ஆண்டின் ஆதிப் பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டம் அவர்களுடைய காப்புப் பகுதிக்குள் வெளியார் நுழைவதைத் தடுக்கிறது. 2012இல் வந்த திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. ஜாரவாக்கள் 1997, 1998 வாக்கில் காட்டுக்கு வெளியே வரத் தொடங்கிய பிறகு, காட்டுக்குள் திருட்டு வேட்டைக்குப் போகிறவர்கள் வழியாகவும் அந்தமான் பெருஞ்சாலை வழியாகவும் புகையிலையும் சாராயமும் அவர்களிடம் போய்ச் சேர்ந்தன. அங்கே தேவைப்படுவது ஆலோசகர் அல்லர். கொண்டுபோய்க் கொடுப்பவரைத் தடுக்கும் காவல். நீங்கள் செய்யக்கூடியது, உங்களுக்குத் தெரிந்த லாரி ஓட்டுநரிடமும் மீன்பிடிப் படகுக்காரரிடமும் இதைத் திரும்பத் திரும்பப் பேசுவதும், கண்டதை நிர்வாகத்திடம் சொல்வதும்தான். தீவுகளில் கடை, கட்டட வேலை, அரசுப் பணி என்று தமிழர் பரவலாக இருக்கிறோம். நம் வீட்டிலிருந்தே தொடங்க வேண்டிய பேச்சு இது.

சிறிய அந்தமானில் டுகோங் க்ரீக்கில் வாழும் ஓங்கே மக்களைப் பற்றி ஒன்று நினைவில் இருக்க வேண்டும். 2008 டிசம்பரில் கரையொதுங்கிய பிளாஸ்டிக் கலனில் இருந்த திரவத்தைச் சாராயம் என்று எண்ணிக் குடித்து 8 பேர் இறந்தார்கள். 2011 கணக்கெடுப்பில் ஓங்கே மக்கள் மொத்தம் 101 பேர். அவ்வளவு சிறிய சமூகத்தில் எட்டு ஆண்கள் ஒரே நேரத்தில் போனால் வேட்டைக்குப் போகிறவர்களும் பிள்ளைகளின் தகப்பன்மாரும் சேர்ந்து போகிறார்கள். ஓங்கேக்களிடமும் ஸ்ட்ரெய்ட் தீவின் கிரேட் அந்தமானியரிடமும் எந்த மருத்துவ வேலையும் நிர்வாகத்தின் பழங்குடி நல அமைப்பான ஆதிம் ஜன்ஜாதி விகாஸ் சமிதியும் சுகாதாரத் துறையும் நடத்தும் ஏற்பாட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். தனியாகக் குழு கட்டிக்கொண்டு போவதற்கு இடமில்லை. நிரந்தரமாக அங்கே இருக்கும் சமிதிப் பணியாளருக்கும் செவிலியருக்கும் பயிற்சியும் தொலைபேசித் துணையும் கொடுப்பதே உங்கள் பங்கு. அறியாத திரவத்தைக் குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் கண் மங்கும்வரை காத்திராமல் உடனே ஹட் பே சுகாதார நிலையத்துக்குச் சொல்லி ஆளை நகர்த்த வேண்டும் என்பது அந்தப் பயிற்சியின் முதல் பாடமாக இருக்கட்டும்.

இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி நிக்கோபாரியரைப் பற்றியது. தீவுகளின் பழங்குடியினரில் ஆகப் பெரும்பாலோர் அவர்களே. தமக்கென்று வலுவான ஊர் அமைப்பை வைத்திருப்பவர்கள். சிகிச்சையைத் தாமே கேட்டு வருபவர்களும் உண்டு. கடைசியில் ராஞ்சிக்காரர்களைப் பற்றிச் சொல்கிறேன். கராச்சர்மாவிலிருந்து வேலை செய்பவர் மறந்துவிடக் கூடாத மக்கள் அவர்கள்.

நம்மைப் பற்றி அவர்கள் அறிந்தது

1863இல் ஆங்கிலேயர் போர்ட் பிளேரில் 'அந்தமான் இல்லம்' தொடங்கினார்கள். காட்டு மக்களைப் பழக்கப்படுத்துவது நோக்கம். பழக்கப்படுத்தக் கொடுத்த பொருள்களில் புகையிலை இருந்தது, சாராயம் இருந்தது. நோயும் சேர்ந்து பரவியது. ஆயிரக்கணக்கில் இருந்த கிரேட் அந்தமானியர் 1961 கணக்கெடுப்பில் 19 பேராகக் குறைந்திருந்தார்கள். இந்த வரலாற்றைப் பயிற்சியில் ஒரு மணி நேரமாவது சொல்லாமல் எந்தப் பணியாளரையும் தீவுக்கு அனுப்பாதீர்கள். சிநேகம் பிடிக்க ஒரு பீடியை நீட்டுவது, வெற்றிலை பாக்கு வாங்கிக் கொடுப்பது, வேலை முடிந்ததும் ஒரு பாட்டில் தருவது எல்லாம் இந்த இல்லத்தின் நேர் வாரிசுகள். குடிநோய்ப் பணியில் இருப்பவர் எந்தப் போதைப் பொருளையும் அன்பளிப்பாகவோ கூலியாகவோ கொடுக்கக் கூடாது என்பதை வேலை உத்தரவிலேயே எழுதிவிடுங்கள்.

நிக்கோபாரில் கதை வேறு. தென்னங்கள் அங்கே பழமையானது. விருந்துகளில் அதற்கு இடம் உண்டு. நிலமும் தென்னையும் பன்றியும் தனி ஆளுக்குச் சொந்தமில்லை. 'துஹெத்' எனப்படும் பெருங்குடும்பத்துக்குச் சொந்தம். யார் எவ்வளவு குடிக்கலாம், எப்போது போதும் என்று சொல்வதற்கு அந்த வீட்டிலேயே ஆள் இருந்தார். 2004 டிசம்பர் 26 கடற்கோள் அந்த வீட்டை இரண்டு வகையில் உடைத்தது. பெரியவர்கள் இறந்தார்கள், அதிலும் கடற்கரையோரக் கிராமங்கள் முழுதாகவே போயின. பிறகு கட்டிக் கொடுத்த தகரக் கொட்டகைகளும் நிரந்தர வீடுகளும் கணவன் மனைவி பிள்ளைகள் என்ற சிறு குடும்பத்தை நினைத்து வரிசையாகக் கட்டப்பட்டன. நிவாரணப் பணம் தனி ஆட்களின் வங்கிக் கணக்கில் விழுந்தது. கையில் பணம், செய்ய வேலையில்லை, சாவு கண்ணை விட்டுப் போகவில்லை, 'போதும்' என்று சொல்லும் பெரியவர் பக்கத்தில் இல்லை. அந்த இடைவெளியில் பாட்டில் சாராயம் நுழைந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்று நாற்பது வயதில் நடுங்கும் கையோடு வரும் நிக்கோபாரியர் பலருக்குக் கடற்கோளின்போது இருபது வயது. அவரிடம் முதல் பேட்டியில் 'எப்போதிலிருந்து குடிக்கிறீர்கள்?' என்று கேட்டால் பாதிப் பதில்தான் வரும். 'கடல் வந்தபோது எங்கே இருந்தீர்கள், யாரை இழந்தீர்கள், அதற்குப் பிறகு எந்த வீட்டில் இருந்தீர்கள்?' என்று அவர் பேச விரும்பும்போது கேளுங்கள். குடியின் காலவரிசை அந்தப் பதிலுக்குள்ளே இருக்கும். அவசரப்பட வேண்டாம். அந்தப் பேட்டியை ஒரே உட்காரலில் முடிக்க நினைப்பவர் இந்த வேலைக்குப் பொருத்தமில்லாதவர்.

முதல் பயணம் நோயாளியைத் தேடி அல்ல

எந்தத் தீவில் தொடங்குகிறீர்களோ அங்கே முதலில் பழங்குடிக் குழுவிடமும் கிராமத்தின் முதல் கேப்டனிடமும் போங்கள். பழங்குடியல்லாதவர் நிக்கோபாருக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். அதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கேப்டன் பதவி அலங்காரம் அல்ல. ஊருக்கு யார் வருகிறார்கள், எந்த வேலை எப்போது நடக்கிறது, சண்டை வந்தால் யார் தீர்ப்பது என்பதெல்லாம் முதல், இரண்டாம், மூன்றாம் கேப்டன்கள் வழியாகவே நடக்கின்றன. அவர்களிடம் ஆயத்தத் திட்டத்தைக் கொண்டுபோய்க் கையெழுத்துக் கேட்காதீர்கள். வெறும் கையோடு போய், குடியால் இந்த ஊர் எதை இழக்கிறது என்று கேளுங்கள். தென்னந்தோப்பு கவனிப்பாரின்றிக் கிடக்கிறது என்பார் ஒருவர். இரவில் பெண்கள் வெளியே வர அஞ்சுகிறார்கள் என்பார் இன்னொருவர். பன்றி விருந்தில் முன்பு இல்லாத சண்டை இப்போது நடக்கிறது என்பார் மூன்றாமவர். உங்கள் திட்டம் எதை அளக்க வேண்டும் என்பது இந்தப் பேச்சிலிருந்துதான் கிடைக்கும்.

தென்னங்கள் பற்றிய முடிவை ஊரே எடுக்கட்டும். கள்ளையும் சேர்த்து விட வேண்டும் என்று ஒரு கிராமம் சொல்லலாம். விருந்துக் கள் இருக்கட்டும், பாட்டில் வேண்டாம் என்று இன்னொன்று சொல்லலாம். ஆனால் ஏற்கெனவே குடிநோயாளியாகிவிட்டவருக்கு இரண்டுமே ஒன்றுதான். அவர் உடலுக்குக் கள்ளும் மதுவே. இதை மழுப்பாமல் குழுவிடம் விளக்கிவிடுங்கள். ஊர் முழுக்க ஒரு விதி, சிகிச்சை பெற்றவருக்கு வேறொரு விதி என்று வரும்போது, அந்த வேறு விதியை ஊர் மதிக்க வேண்டும் என்பதுதான் நீங்கள் குழுவிடம் கேட்கும் உதவி.

குடிக்கும் அளவைக் கணக்கிடும்போது நகரத்துக் கணக்கு உதவாது. உலக சுகாதார நிறுவனத்தின் 10 கேள்விப் படிவத்தில் 8 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ இருந்தால் ஆபத்தான குடி, 20ஐத் தொட்டால் அடிமை நிலைக்கு வாய்ப்பு அதிகம் என்று கொள்வது வழக்கம். ஆனால் அந்தக் கேள்விகள் 'பானம்' என்ற ஓர் அளவை வைத்துக் கேட்கின்றன. வீட்டில் எந்தக் குவளையில், எந்த ஓட்டில், எந்தக் கேனில் குடிக்கிறார்கள் என்று பார்த்து, அந்தப் பாத்திரத்தையே அளந்து கணக்குப் போடுங்கள்.

கடலில் வரும் ஆபத்து

தரைப்பகுதிக் கையேடுகளில் காணாத ஓர் ஆபத்து இங்கே உண்டு. அதற்காகவே இந்தப் பகுதியை விரிவாக எழுதுகிறேன். நாள்தோறும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் 6 முதல் 8 மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்குகின்றன. வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். புத்தி தடுமாறி, இல்லாததைக் கண்டு, உயிருக்கே ஆபத்தாகும் நிலை இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரலாம். இப்போது கப்பல் நேரத்தை இதன்மேல் வைத்துப் பாருங்கள். சிகிச்சைக்குப் புறப்படுபவர் நல்லெண்ணத்தோடு படகுத்துறையிலேயே கடைசி மடக்கைக் குடித்துவிட்டு ஏறுகிறார். கார் நிக்கோபாரிலிருந்து வரும்போதே இரவு முழுக்கக் கடலில் இருப்பார். காம்ப்பெல் பேயிலிருந்து என்றால் நாட்கணக்கு. நடுக்கமும் வலிப்பும் கரை தெரியாத இடத்தில் வருகின்றன.

ஆகவே 'இன்றிலிருந்து குடிக்காமல் வா' என்று யாரும் அவரிடம் சொல்லக் கூடாது. கார் நிக்கோபாரில் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் மருத்துவமனையில், மற்றத் தீவுகளில் அங்குள்ள சுகாதார நிலையத்தில், ஏறுவதற்கு முன் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும். முன்பு வலிப்பு வந்திருக்கிறதா, கடைசியாக எப்போது குடித்தார், வேறு என்ன நோய் என்று பதிய வேண்டும். தயமின் ஊசி ஏறும் முன்பே போடப்பட வேண்டும். சத்து குறைந்த குடிநோயாளிக்குத் தயமின் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம் என்பதைக் கப்பலில் இருக்கும் மருத்துவ உதவியாளருக்கும் சொல்லிவைக்க வேண்டும். நடுக்கத்தைத் தணிக்கும் மாத்திரையும் எத்தனை மணிக்கு எவ்வளவு என்று எழுதிய சீட்டும் உடன் வருபவரின் கையில் இருக்க வேண்டும். ஆபத்து அதிகம் என்று மருத்துவர் கருதினால் முதல் வாரத்தை ஊரிலேயே கழித்துவிட்டுப் பிறகு வரலாம். பல பேருக்கு இங்கே வரவே தேவையில்லாமலும் போகும். என்னைக் கேட்டால் அதையே முதல் தேர்வாகச் சொல்வேன்.

இங்கே தமிழ்நாட்டின் ஓர் அனுபவம் கை கொடுக்கிறது. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, 1989இல் மஞ்சக்குடியில் கிராம முகாம் நடத்தத் தொடங்கியது. குடிநோயாளிகளைச் சென்னைக்கு அழைத்து வருவதற்குப் பதில், மருத்துவரும் ஆலோசகரும் ஊருக்குப் போய் 15 நாள் அங்கேயே தங்கினார்கள். ஊரார் இடம் கொடுத்தார்கள், குடும்பங்கள் பக்கத்திலேயே இருந்தன, முகாம் முடிந்த பிறகு தொடர் கவனிப்பும் அதே ஊரில் நடந்தது. நிக்கோபாரின் கிராமம் ஒன்றில், கேப்டன் ஒதுக்கும் கூடத்தில், அந்தத் தீவின் மருத்துவமனை துணையோடு இப்படி ஒரு முகாம் நடத்தினால் கப்பல் ஆபத்தே இல்லை. வீடு திரும்புவது என்ற சிக்கலும் பாதியாகிவிடும். கப்பலேற்ற வேண்டியவர்கள் வலிப்பு, கல்லீரல் செயலிழப்பு, கடும் மனநோய் என்று ஊரில் தாங்க முடியாதவர்கள் மட்டுமே.

வார்டுக்குள்

கப்பலேறி வந்தவரை ஜி.பி. பந்தில் சேர்க்கும்போது மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்கள் நினைவூட்ட வேண்டியது ஒன்று உண்டு. நிக்கோபாரியரிடமும் ஜாரவா மக்களிடமும் பெரிய நிக்கோபாரின் ஷோம்பென் மக்களிடமும் ஹெபடைடிஸ் பி மிகப் பரவலாக இருப்பதை இந்தத் தீவுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வந்தவுடன் அந்தச் சோதனையும் கல்லீரல் சோதனையும் செய்தாக வேண்டும். கல்லீரல் கெட்டிருந்தால் டயஸிபாம் போன்ற மாத்திரை உடலில் தேங்கி மயக்கத்தை ஆழமாக்கும், லோரஸிபாம் பாதுகாப்பானது. டைசல்பிராம் கல்லீரலையே தாக்கக்கூடியது. அதை விழுங்கிய பிறகு கள் குடித்தால்கூட நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்து, உயிர் ஆபத்தாகலாம். அவசர மருத்துவ உதவி ஒரு நாள் கடல் தூரத்தில் இருக்கும் தீவுக்கு டைசல்பிராமோடு ஒருவரை அனுப்புவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. கல்லீரல் நிலையைப் பொறுத்து மருத்துவர் நால்ட்ரெக்சோன், அக்காம்ப்ரோசேட், பாக்லோஃபன் ஆகியவற்றில் எதையாவது தேர்ந்தால், அந்த மாத்திரை ஊரில் தொடர்ந்து கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். ஊரில் கிடைக்காத மாத்திரையை இங்கே ஆரம்பிப்பதில் பயனில்லை.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தோடு வரும் மனநலக் கோளாறுகளையும் உள்ளடக்குகிறது. நோயாளி தனக்கென ஒரு நியமனப் பிரதிநிதியை எழுத்தில் குறிப்பிடலாம். நிக்கோபாரியர் துஹெத்தின் மூத்தவரையோ, பாட்டியையோ, கேப்டனையோ பெயரிடலாம். யாரை என்று அவரே முடிவு செய்யட்டும். துஹெத்துக்குள் நிலத்தகராறு இருந்தால் மூத்தவர் சரியான ஆளாக இருக்கமாட்டார். மொழிபெயர்ப்பாளருக்கும் இதே எச்சரிக்கை. அதே குடும்பத்தைச் சேர்ந்தவரை மொழிபெயர்க்க வைத்தால் வீட்டுச் சண்டை மருத்துவக் குறிப்பாக மாறிவிடும்.

சாப்பாடும் சிகிச்சைதான். சோறும் பருப்பும் மட்டும் மூன்று வாரம் தின்று வாடுபவரிடம் குணமாகும் ஆசை எங்கிருந்து வரும்? தேங்காய், மீன், கிழங்கு, கிடைத்தால் பன்றி இறைச்சி, தாழம்பழ மாவு என்று உறவினர் கொண்டுவருவதை வார்டில் அனுமதிக்கக் கேட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை பெரும்பாலான நிக்கோபாரியருக்கு முக்கியம். ஆனால் வார்டுக்குள் 'பழங்குடிச் சடங்கு' என்று எதையும் நீங்களாக ஏற்பாடு செய்யாதீர்கள். அது யாருடைய உரிமை, யார் செய்யலாம், எந்த இடத்தில் செய்யலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். கேட்டால் இடம் கொடுங்கள். அது போதும்.

திரும்பும் நாள்

கனடாவில் ஆல்கலி லேக் என்னும் செவ்விந்தியக் கிராமத்தில் 1970களின் தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லாரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஃபில்லிஸ் செல்சி என்ற பெண்ணும் அவர் கணவர் ஆண்டியும் முதலில் நிறுத்தினார்கள். ஆண்டி ஊர்த் தலைவரானார். கள்ளச்சாராயம் விற்றவர்களைத் தடுத்தார்கள். சிகிச்சைக்குப் போனவர் வீட்டுப் பிள்ளைகளை ஊர் பார்த்துக்கொண்டது. அவர் திரும்பி வரும்போது வீடு செப்பனிடப்பட்டு, செய்ய ஒரு வேலையும் காத்திருந்தது. 1980களின் நடுவில் ஊர் பெரும்பாலும் மது இல்லாததாக மாறியிருந்தது. அங்கே பத்தாண்டுக்கு மேல் உழைப்பு தேவைப்பட்டது. இங்கேயும் அதற்குக் குறையாது.

அந்த ஊர் செய்ததில் நமக்கு நேராகப் பயன்படுவது அந்த வீடும் வேலையும். நோயாளி இங்கே படுத்திருக்கும்போதே கிராமத்தில் மூன்று விஷயங்கள் பேசி முடிக்கப்பட வேண்டும். அவர் எந்த வீட்டில் தங்குவார்: குடிக்கும் தம்பியோடு ஒரே கூரையில் இருந்தால் பலன் இல்லை, துஹெத்தின் வேறு வீட்டில் இரண்டு மாதம் இருக்கலாம். அவர் கையில் பணம் எப்படிப் போகும்: கொப்பரை விற்ற காசு அவர் பெயரில் வராமல் மூத்தவர் வழியாக வருவதற்கு அவர் தாமே சம்மதித்தால் அதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் என்ன வேலை செய்வார்: தோப்பு, பன்றிக் கொட்டில், ஹோடிப் படகு கட்டுதல், பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தல் என்று அவருக்குத் தெரிந்த, மற்றவர் கண்ணில் படும் ஒரு வேலை.

விருந்து பற்றித் தனியாகப் பேசுங்கள். பன்றி விருந்துக்குப் போகாதே என்று நிக்கோபாரியரிடம் சொன்னால் அவரை ஊரை விட்டு விலக்குவதாகிவிடும். போகட்டும், கையில் குவளை பிடிக்க நேரமில்லாத பொறுப்போடு போகட்டும். பன்றி சுடுவது, படகுப் போட்டியில் துடுப்புப் போடுவது, வந்தவருக்கு உணவு பரிமாறுவது என்று கேப்டன் ஒதுக்கும் வேலையே அவருக்குக் கவசம். குவளையை நீட்டுபவர்களிடம் 'இவருக்கு வேண்டாம்' என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அவர் பெயர் முன்கூட்டியே முடிவாக வேண்டும்.

ஆண்டின் ஆபத்தான வாரம் டிசம்பர் கடைசியில் வருகிறது. 25 கிறிஸ்துமஸ், மறுநாள் கடற்கோள் நினைவு நாள், அடுத்து புத்தாண்டு. கொண்டாட்டமும் துக்கமும் ஒரே வாரத்தில் அடுக்கடுக்காக வரும்போது, ஓராண்டு குடிக்காதவரும் தடுமாறலாம். அந்த வாரத்தில் ஒருங்கிணைப்பாளர் விடுப்பில் போகக் கூடாது. முடிந்தால் தீவிலேயே இருங்கள்; முடியாவிட்டால் நாள்தோறும் பேசுங்கள்.

பேசுவது இப்போது முன்பைவிட எளிது. சென்னையிலிருந்து கடலடியாக வந்த ஒளியிழை கேபிள் 2020 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கியது. கார் நிக்கோபார், கமோர்த்தா, பெரிய நிக்கோபார், சிறிய அந்தமான் வரை அது போகிறது. இந்திய அரசின் டெலி மனாஸ் எண் 14416. போதை மீட்புக்கான இலவச எண் 14446. இந்த இரண்டையும் நோயாளிக்கும் அவர் பிரதிநிதிக்கும் எழுதிக் கொடுங்கள். அவர்கள் அழைத்தால் எந்த மொழியில் பேச்சு நடக்கும் என்று நீங்களே முதலில் அழைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். தொலைபேசி ஆலோசனை ஊரில் இருக்கும் ஆளுக்கு மாற்றாகாது. நீலகிரியின் கூடலூரில் 1990 முதல் இயங்கும் ஆதிவாசி மருத்துவமனையின் பலம், பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலிய சமூகங்களிலிருந்தே செவிலியரையும் சுகாதாரப் பணியாளரையும் உருவாக்கியது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதியின் 'சர்ச்' அமைப்பு நடத்தும் மருத்துவமனை கோண்டு மக்களுடைய ஊரைப் போலவே குடிசைகளாகக் கட்டப்பட்டது. 2016இல் தொடங்கிய 'முக்திபத்' மதுவிலிருந்தும் புகையிலையிலிருந்தும் விடுவிக்கும் வேலையைக் கிராமங்களுக்கே கொண்டுபோனது. நிக்கோபாரிலும் ஒவ்வொரு பெரிய கிராமத்துக்கும் அந்த ஊர்க்காரர் ஒருவரைப் பயிற்சி கொடுத்துச் சம்பளம் கொடுத்து வைக்காமல் இந்த வேலை நிலைக்காது. சம்பளம் என்று அழுத்திச் சொல்கிறேன். சமூகத்தொண்டு என்ற பெயரில் ஏழைப் பெண்ணின் உழைப்பை இலவசமாக வாங்குவது நியாயமில்லை.

மீண்டும் குடித்தவர்

குடித்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் நோயாளி நல்ல நிலையில் இருக்கும்போதே அவரோடும் கேப்டனோடும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஊரார் முன்னால் அவமானப்படுத்துவது, பொறுப்பைப் பிடுங்குவது இரண்டும் வேண்டாம். முதல் நாளே பயிற்சி பெற்ற ஊர்ப் பணியாளரிடம் சொல்வது, குடியை மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்துவது, தங்கும் வீட்டை மாற்றுவது என்று வரிசையாக இருக்கட்டும். ஒருமுறை குடித்தவர் பெயரைத் திட்டத்திலிருந்து நீக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது தவறு. அவருக்குத்தான் நீங்கள் அதிகம் தேவை.

சிறிய தீவில் இரகசியம் காப்பது கடினம். படகுத்துறையில் ஒருவர் குடிநோய்க் கோப்போடு இறங்கினால் மாலைக்குள் எல்லாருக்கும் தெரியும். கோப்பில் பெயருக்குப் பதில் எண். கையேட்டின் அட்டையில் 'கல்லீரல் கவனிப்பு' போன்ற பொதுத் தலைப்பு. வாட்ஸ்அப் குழுவில் எந்த நோயாளி பற்றியும் ஒரு வரிகூட வேண்டாம்.

கராச்சர்மாவுக்கு அருகில்

ராஞ்சிக்காரர்கள் என்று தீவில் சொல்லப்படும் ஓராவோன், முண்டா, காரியா மக்கள் 1918 முதல் காடு வெட்டவும் சாலை போடவும் கொண்டுவரப்பட்டவர்கள். சோட்டாநாக்பூரில் பழங்குடிகள், இங்கே பழங்குடிப் பட்டியலில் இடமில்லை. அரிசிச் சோற்றைப் புளிக்கவைத்துச் செய்யும் ஹடியா அவர்கள் திருவிழாவின் பகுதி. காட்டுக் கூலி வேலையின் களைப்பில் அது அன்றாடக் குடியாகவும் பின்பு கள்ளச்சாராயமாகவும் மாறிய வீடுகள் உண்டு. கேப்டனோ துஹெத்தோ அவர்களுக்கு இல்லை. கர்மா, சர்ஹுல் விழாக்களை நடத்தும் பெரியவர்கள், தேவாலயக் குழுக்கள், பெண்கள் சுய உதவிக் குழுக்கள் ஆகியோரிடம்தான் பேச வேண்டும். கப்பல் பயணம் தேவையில்லாததால் இவர்களுக்கான வாராந்தரக் கூட்டத்தைக் கராச்சர்மாவிலேயே நடத்தலாம். கூலி வேலை முடிந்து வரக்கூடிய மாலையில் வையுங்கள், பகல் பத்து மணிக்கு வேண்டாம்.

மாற்றல் வரும்போது

தீவுகளில் அரசுப் பணியாளர் நீண்ட காலம் ஓரிடத்தில் இருப்பதில்லை. நீங்களும் ஒரு நாள் மாற்றலாகிப் போவீர்கள். அதற்காக எல்லாக் குறிப்பேடுகளிலும் இரண்டு படிகள் வையுங்கள்: ஒன்று அலுவலகத்தில், இன்னொன்று நோயாளி அனுமதித்த அளவுக்கு அவர் தேர்ந்த பிரதிநிதியிடம். புதிதாக வருபவரை உங்கள் கடைசி மாதத்தில் உங்களோடு கப்பலில் அழைத்துச் சென்று ஒவ்வொரு கேப்டனிடமும் ஒவ்வொரு ஊர்ப் பணியாளரிடமும் நேரில் அறிமுகப்படுத்துங்கள். மாத்திரை இருப்புக் கணக்கு, அடுத்த கப்பல் தேதி, டிசம்பர் கடைசி வாரத்தில் யார் யாருடன் இருக்க ஒப்புக்கொண்டிருக்கிறார் என்ற பட்டியல் ஆகிய மூன்றும் அவர் கைக்குப் போன பிறகே பொறுப்பை ஒப்படைத்துக் கையெழுத்திடுங்கள்.